கட்டுச்சோறு ஆச்சு

மே 12, புதன்

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு கறவை மாடு நிற்கிறது. ‘கன்று நலமானால் கறவை வளமாகும்’ என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சிக்கு இதைவிடப் பொருத்தமான டைரி கிடைக்காது.

எழுதுவதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஊரடங்கு போட்டுவிட்டார்கள். நான் இரண்டாம் வகுப்பு நடத்துகிற பள்ளிக்கூடத்தில் ஆன்லைன் பாடமும் ஏப்ரலோடு முடிந்தது. வீட்டில் பேச ஆளில்லை என்று சொல்ல முடியாது. அத்தை இருக்கிறார், அவர் இருக்கிறார், தாராபுரத்திலிருந்து அம்மா தினமும் கூப்பிடுகிறாள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், நானும் ஒரே பதிலைச் சொல்கிறேன். நல்லா இருக்கேன்.

உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறேன். ரத்தம் நார்மல், சர்க்கரை நார்மல், பிரஷர் நார்மல். ஏப்ரல் செக்கப்பில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, “உனக்கென்னம்மா, ஒரு குறையும் இல்ல. அடுத்த ஆள் வாங்க” என்றார். குறையில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம்தான் தருவார்கள்.

என் வீட்டுக்காரர் நவநீதன் பால் சொசைட்டியில் டெஸ்டர். பேருக்கேற்ற உத்தியோகம். ஊர் அடங்கலாம், மாட்டு மடி அடங்காது. காலையிலும் சாயங்காலமும் ஊரே வரிசையில் நின்று அவர் முன்னால் பால் தூக்கை நீட்டுகிறது. பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில்தான் தொங்குகிறது என்று அவரே வந்து சொன்னார். ஏன் சொன்னோம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பார். இன்று முதல் அவர் மாட்டுக்கொட்டாயில் சட்டையைக் கழற்றி, குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். படுக்கை முன்பக்க ஆசாரத்தில், அதாவது கூடத்தில். எனக்குப் பின்பக்க அறை.

“சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 14, வெள்ளி

காய் கழுவினேன். ரசம் வைத்தேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏனம்மிணி, தக்காளிய எதுல கழுவுனே?”

“சோப்புத் தண்ணீலதான் அத்தை.”

“அதான். ரசம் நெம்ப சுத்தமா இருக்குது.”

அதற்கப்புறம் மஞ்சளும் உப்பும் போதும் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அத்தை அந்தப் பக்கம் போனதும் தக்காளியை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டேன். மஞ்சளை மட்டும் நம்பி என்ன செய்வது.

மே 16, ஞாயிறு

சங்கவியை மார்ச்சில் ஆஸ்பத்திரி வரிசையில்தான் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரே மாசம். நம்பர் வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு ரோஜாப் படம், குட் மார்னிங். எனக்கு இந்தப் பூப் படங்கள் என்றாலே எரிச்சல், பதில்கூடப் போட மாட்டேன்.

ஒரு வாரமாகப் பூ வரவில்லை. இன்று நானே கேட்டேன். அவள் தங்கை பதில் போட்டாள். மாதாந்திர ஸ்கேனுக்குப் போய்விட்டு வந்து நாலாம் நாள் காய்ச்சலாம். இப்போது கோயமுத்தூரில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினேன். அவளுக்கும் எல்லாம் நார்மல்தான்.

மே 19, புதன்

இன்று செக்கப். போகவில்லை. மழை.

மழை காலையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ரோடு ஈரமாகத்தான் இருந்தது. அவரிடம், “நர்சம்மா இப்ப வர வேண்டாம்னுட்டாங்க, ஆஸ்பத்திரில கூட்டமாம்” என்றேன். எங்கள் ஊர் நர்ஸ் ஜெயந்தியம்மா கூப்பிட்டபோது, “கோபி டவுன்ல பிரைவேட்ல பாத்துட்டோம்” என்றேன். இரண்டு பேரும் நல்லது என்றார்கள்.

மே 22, சனி

திங்கள்கிழமையிலிருந்து ஊரடங்கு இன்னும் கெட்டியாகிறதாம். கடை கண்ணி எதுவும் கிடையாது. எனக்குக் கட்டுச்சோறு வைத்திருப்பதும் அதே திங்கள்கிழமை. ஜோசியர் நல்ல நாள்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் வளைகாப்பைவிடக் கட்டுச்சோறுதான் பெரிது. தலைச்சன் பிள்ளைக்கு ஏழாம் மாசத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் புளிசோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். விருந்து முடிந்ததும் பெண்ணைக் கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் அவள் அம்மா வீட்டுப் பொறுப்பு. கட்டுச்சோறு ஆச்சு என்றால் பெண் கிளம்பியாச்சு என்று அர்த்தம், அதைத் தனியாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

“நாளைக்கு ஒரு நாள் பஸ் உடறாங்களாம் சிந்து. நானும் அப்பாவும் பஸ்ஸுலயே வந்தர்றோம். அங்கிருந்து ஒரு கார் புடிச்சு உன்னைக் கூட்டீட்டு வந்தர்லாம்” என்றாள் அம்மா.

நான் வேண்டாம் என்றேன். பஸ்ஸில் ஜனம் ஈயாய் மொய்க்கும், அப்பாவுக்குச் சர்க்கரை, உங்கள் தெருவில் வேறு தகரம் அடித்து அடைத்திருக்கிறார்கள். சொன்ன காரணம் எல்லாமே உண்மை. அம்மா அழுதாள். நான் அழவில்லை, போனை வைத்துவிட்டுப் போனைத் துடைத்தேன்.

அவரிடமும் அத்தையிடமும், “அவங்களால வர முடியலையாம்” என்று சொன்னேன்.

மே 24, திங்கள்

கட்டுச்சோறு நடந்தது. நாள் தவறக் கூடாது என்று அத்தை ஒரே பிடிவாதம். அம்மா தாராபுரத்தில் ஐந்து வகைச் சோறு கிளறி, செல்போனுக்கு முன்னால் இலை போட்டு வைத்தாள். அத்தை அதே ஐந்து வகையை இங்கே கிளறினார். அம்மா அங்கிருந்து எடுத்து ஊட்டுவது போலக் கையை நீட்ட, இங்கே அத்தை என் வாயில் வைத்தார். நடுவில் சிக்னல் போய், அம்மா கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

“இப்ப உன்னைய அனுப்பி உடோணும்” என்றார் அத்தை. “எங்க அனுப்பறது?”

ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு நெற்றியில் திருநீறு வைத்து, முன்வாசல் வழியாக வெளியே கூட்டி வந்து, “போயிட்டு வா சாமி, நல்லபடியாப் பெத்துப் பொழச்சு வா” என்றார். நான் வீட்டைச் சுற்றி நடந்து பின்பக்கத்துப் பொடக்காளிக் கதவு வழியாக என் அறைக்கு வந்து சேர்ந்தேன். அந்த அறைதான் இனிமேல் அம்மா வீடு. இரண்டு மாவட்டத்தை இ-பதிவு இல்லாமல் கடந்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, “மாமனார் வீட்டுக்கு மாப்ள வந்திருக்கேன். பலகாரம் இல்லீங்களா?” என்றார். சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்து வகைச் சோற்றில் வாயில் வாங்கியது ஐந்து வாய். எள் கடையில் வாங்கியது. தயிர் பக்கத்து வீட்டு உறை.

மே 27, வியாழன்

நர்சம்மா அத்தையின் போனுக்குக் கூப்பிட்டார். அத்தை கையில் மாவு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார்.

“சிந்துஜா எப்படி இருக்கறாங்க?”

“நல்லாருக்கறாளுங்க. திங்கக்கெழம கட்டுச்சோறெல்லாம் ஆச்சுங்க நர்சம்மா.”

“அட, ஆயிருச்சா. அப்பச் சரி. இனி அந்த ஊரு நர்சு பாத்துக்குவாங்க, அவங்ககிட்டப் பேரக் குடுத்தரச் சொல்லுங்க. நான் இங்க லிஸ்ட்ல இருந்து பேர எடுத்தர்றேன். எனக்கு இங்க காய்ச்சல் கணக்கெடுக்கவே நேரமில்ல.”

“ஆகட்டுங்க, ஆகட்டுங்க” என்றார் அத்தை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு ஆகட்டும் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. குறுக்கே பேசவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மே 28, வெள்ளி

இனிமேல் யாரும் ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட மாட்டார்கள். நன்றாகத் தூங்கலாம் என்று பார்த்தேன்.

ஜூன் 2, புதன்

சங்கவியின் வாட்ஸப் படம் மாறியிருக்கிறது. அவள் கல்யாணப் போட்டோ. கீழே ஒரு விளக்கு எரிகிறது.

ஜூன் 3, வியாழன்

துணி துவைத்தேன். சுவிட்ச் போர்டு, தாழ்ப்பாள், போன், எல்லாம் துடைத்தேன். பிறகு மறுபடியும் துடைத்தேன்.

ஜூன் 6, ஞாயிறு

நேற்று அவர் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். உள்ளே வர மாட்டார், நிலையைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

“ஒதைக்குதா?” என்றார்.

“ஒதைக்குது.”

“எனக்குத் தெரிய மாட்டேங்குது பாரு. கொட்டாயில செவலை மாட்டுக்குக்கூடக் கை வெச்சுப் பாத்தேன், கன்னு அசையறது தெரிஞ்சுது. என்ற புள்ளையத்தான் பாக்க முடியல.”

சொல்லிவிட்டுக் கதவு நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. வா, வந்து கை வை, எனக்குப் பயமாக இருக்கிறது, சங்கவி செத்துவிட்டாள், அவள் பிள்ளையும் போய்விட்டது, அவளுக்கும் ஒரு குறையும் இல்லை, செக்கப்புக்குப் போனதைத் தவிர அவள் ஒன்றுமே செய்யவில்லை. இவ்வளவும் வந்தது. ஆனால் சொன்னது, “கையைக் கழுவுனீங்களா?” என்று.

எழுந்து போய்விட்டார். கோபமில்லை, அந்த மனுஷனுக்குக் கோபப்படத் தெரியாது. எனக்குத்தான் என்மேல் கோபம்.

ஜூன் 11, வெள்ளி

அம்மா கேட்டாள், “செக்கப் போனியா சிந்து?”

“இங்க பாத்துக்கறாங்கம்மா.”

அத்தை கேட்டார், “டாக்டர் என்ன சொன்னாங்களாம்?”

“அம்மா அங்க டாக்டர்கிட்டப் பேசீட்டுத்தான் இருக்கறாங்க அத்தை.”

“அது சரி. தலைச்சனுக்கு அவங்க சொல்றதுதான். நா நடுவால பூந்து பேசுனா நல்லா இருக்காது.”

என் வீட்டுக்காரருக்குக் கேள்வியே வேறு. “நர்சம்மா எதும் கூப்பிட்டாங்களா?” இல்லை என்றேன். அது ஒன்றுதான் நிஜம்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டு காலும் இந்த அறையில்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் நான் வேறெங்கோ பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெயில் ஜாஸ்தி. தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. குடித்தால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரே பாத்ரூம், அவரும் அதில்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பினாயில் ஊற்றித் தேய்க்கக் குனிய முடியவில்லை. தண்ணீரைக் குறைப்பது சுலபமாக இருக்கிறது.

ஜூன் 16, புதன்

அத்தை இன்று சண்டை போட்டார். நான் சாப்பிடுவது கஞ்சியும் உப்பும்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். பழம் கொண்டுவந்தால் ஜன்னலில் வைக்கச் சொல்கிறேன், அது அங்கேயே கனிந்து அழுகுகிறது.

“ஊருக்குள்ள எத்தனை பேரு வாயும் வயிறுமா இருக்கறாங்க. அவிங்கெல்லாம் சோறு திங்காமயா இருக்கறாங்க?”

“நான் திங்கறேனே அத்தை.”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிங்கற கதையா இருக்குது. உனக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. ராசாத்தியாட்ட இருக்கறே. மனசுதான் போட்டு அலட்டுது.”

அது எனக்கும் தெரியும். ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, ஒன்றும் இல்லாத ஒருத்திக்கு என்ன கேட்க உரிமை இருக்கிறது என்று தோன்றுகிறது. காய்ச்சல் வந்தவர்களுக்கே கட்டில் இல்லாத நேரம். நான் போய் நின்று என்ன சொல்வேன்? டாக்டர், எனக்கு எல்லாம் நார்மல், ஆனால் உயிர் போகிற மாதிரிப் பயமாக இருக்கிறது என்றா?

கோபத்தில் அத்தை தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து தட்டைத் துடைத்து மறுபடியும் வைத்தார். பாவம், அவரும் எவ்வளவுதான் செய்வார்.

ஜூன் 20, ஞாயிறு

பிள்ளை இன்று சோம்பேறியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

ஜூன் 21, திங்கள்

வெயிலுக்கு அதுவும் தூங்குகிறது போல.

ஜூன் 22, செவ்வாய்

காலையில் ஒரு அசைவு இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 24, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பிள்ளை உயிரோடு இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலையிலிருந்து வயிறு கல்லாக இருந்தது. தட்டிப் பார்த்தேன், பாட்டுப் போட்டேன், பேர் வைக்காத பிள்ளையைக் கண்ணு, சாமி, தங்கம் என்று தெரிந்த பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் சங்கவி மாதிரி ஆவேன். போகாவிட்டால் பிள்ளை போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் நர்சம்மாவுக்குப் போன் போட்டேன்.

“சொல்லு கண்ணு. தாராபுரத்துல மழையெல்லாம் உண்டா?”

“நான் தாராபுரம் போகவே இல்லீங்க.”

“என்னம்மா சொல்றே? கட்டுச்சோறு ஆச்சுன்னு உங்கத்தை சொன்னாங்களே.”

“ஆச்சுங்க. ஆனா போகல.”

“அப்ப எங்க இருக்கறே?”

“இங்கதாங்க. பொடக்காளி ரூம்ல.”

“அங்க பேரு குடுத்தியா, இல்லையா?”

“இல்லீங்க. ஏப்ரலுக்கப்பறம் எங்கயும் போகல. உங்ககிட்டப் பிரைவேட்டுன்னு பொய் சொன்னேன். புள்ள அசைய மாட்டேங்குதுங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “இனிப்பா எதாச்சும் குடி. இடது பக்கம் சாஞ்சு படு. நான் வண்டி எடுத்துட்டேன், வர்றேன்” என்றார்.

“அத்தை” என்று நான் கூப்பிட்ட கூப்பாட்டில் மிக்ஸி நின்றது. அவர் வாசலில் வந்து நின்றார். சொன்னேன். நிலையைத் தாண்டக் கூடாது என்ற சட்டத்தை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, சர்க்கரைத் தண்ணீரை என் வாயில் ஊற்றினார். மாவுக் கையோடு என் வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு மாதமாக என்னை யாரும் தொடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆம்புலன்ஸ் எல்லாம் காய்ச்சல்காரர்களுக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் சொசைட்டி பால் வண்டியைக் கொண்டுவந்தார். கேனை இறக்கக்கூட நிற்கவில்லை. நானும் அத்தையும் முன் சீட்டில், பின்னால் கேன்கள் உருண்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. நர்சம்மா தன் ஸ்கூட்டியில் முன்னால் போனார்.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். வெறும் இரைச்சல். இன்னும் நகர்த்தினார். இரைச்சல். அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு இடத்தில், மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கடகடவென்று, நிற்காமல்.

“இருக்கு” என்றார் டாக்டரம்மா. ஆனால் முகம் தெளியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது, பிள்ளை எடையும் எட்டு மாசத்துக்கு ஏற்ற அளவு இல்லை என்றார். “கடைசியா எங்க பாத்தீங்க?”

“அவங்கம்மா பாத்துக்கறாங்கன்னு நெனச்சனுங்க” என்றார் அத்தை. போனில் அம்மா, “ஐயோ, அங்க பாத்துக்கறாங்கன்னுதானே நான் இருந்தேன்” என்று அழுதாள். நர்சம்மா, “நான் பேரையே எடுத்துட்டேன் டாக்டர், போயிட்டாங்கன்னு” என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார்.

“எந்த ஊருக் கணக்குல எழுதறது? அம்மா வீடா, மாமியா வீடா?” என்று சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள்.

“ரெண்டும் நாந்தாம்மா. எழுது” என்றார் அத்தை.

அதைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். “இவங்க யாரு மேலயும் தப்பில்லீங்க. நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொண்ணு சொல்லிட்டு இருந்தேன். வேணும்னேதான் வரல” என்றேன்.

“எதுக்கு?”

“வந்தா செத்துருவேன்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா முழுப் பாதுகாப்பு உடுப்பில் வியர்த்து நனைந்திருந்தார். எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ தெரியாது. கண்ணை மூடித் திறந்தார்.

“வராம இருந்தா?” என்றார்.

பதிலுக்கு நிற்கவில்லை. டிரிப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 25, வெள்ளி

டிரிப். கஞ்சி. முட்டை. மறுபடி டிரிப். அத்தை ஆரஞ்சு உரித்து நீட்டினார், சாப்பிட்டேன். கழுவினாரா என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை.

மத்தியானம் ஒரு உதை விழுந்தது. நல்ல உதை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கையை இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் கை கழுவினாரா என்றும் தெரியாது. ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்றார். முதுகு வலித்திருக்கும், எடுக்கவில்லை.

சோதனைக்கு மூக்கில் குச்சி விட்டார்கள். எனக்குத் தொற்று இல்லை, அத்தைக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. இத்தனை நாள் அந்த மனுஷனை நிலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

ஜூன் 28, திங்கள்

இன்று மறுபடி ஸ்கேன். தண்ணீர் ஏறியிருக்கிறது. பிள்ளை இன்னும் சின்னதுதான், ஆனால் தேறிவிடும் என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு வாரம் இங்கே வைத்துப் பார்ப்பார்கள். பிறகு வீட்டுக்குப் போகலாம், வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். வருகிறேன் என்று சொன்னேன். “உன்னைய நம்ப மாட்டேன், நானே வந்து கூட்டீட்டு வருவேன்” என்றார் நர்சம்மா.

வார்டில் ஆறு கட்டில். ஆறு பேரும் நன்றாக இருக்கிறவர்கள்தான். சின்னச் சின்னக் காரணத்துக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் முபீனா, சத்தியமங்கலம். மூன்றாவது பிரசவம். வாய் ஓயாது. நான் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டிருப்பதைப் பார்த்து, “டீச்சர், அதுக்கு மேல ஒரு தலகாணி உறையும் போட்டுக்கங்க” என்று நேற்று முழுக்கக் கிண்டல். எனக்கு இதெல்லாம் பழக்கம், வலி வந்தால் நானே நடந்து போய் டேபிளில் படுத்துக்கொள்வேன் என்றாள்.

தினமும் சாயங்காலம் சிஸ்டர் ரவுண்டு வருவார். பிரஷர் பார்ப்பார், வயிற்றில் கை வைப்பார், “தொந்தரவு ஏதும் இருக்கா?” என்பார். இல்லீங்க சிஸ்டர் என்பார்கள். அடுத்த கட்டில். மொத்த வார்டும் முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

இன்று சிஸ்டர் முபீனாவை முடித்துவிட்டு என்னிடம் வந்தார். முபீனா வழக்கம் போல, “ஒரு தொந்தரவும் இல்ல சிஸ்டர், பிரியாணி ஒண்ணுதான் கொறை” என்றிருந்தாள். சிஸ்டர் சிரித்தபடியே என் கையில் பட்டையைச் சுற்றினார்.

“பிரஷர் நார்மல். தொந்தரவு ஏதும் இருக்கா?”

இல்லீங்க என்றுதான் வாய் போனது. இத்தனை மாதப் பழக்கம்.

“இருக்குங்க சிஸ்டர்” என்றேன்.

“என்னது? வலியா?”

“இல்லீங்க. பயமா இருக்குது. எந்நேரமும் இருக்குது. சாப்பிடறப்ப இருக்குது, மூச்சு உடறப்ப இருக்குது. புள்ள நல்லாருக்குன்னு சொன்னப்பறமும் இருக்குது.”

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், அதில் இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. பட்டையைக் கழற்றினார். “சரிம்மா, டாக்டர்கிட்டச் சொல்றேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

“சிஸ்டர்” என்று பின்னாலிருந்து முபீனா கூப்பிட்டாள். எப்போதும் வருகிற குரல் இல்லை அது. “எனக்குந்தான் சிஸ்டர். அப்பவே சொல்லல. மூத்ததுக ரெண்டையும் எங்கம்மாகிட்ட உட்டுட்டு வந்திருக்கேன். திரும்பிப் போவனான்னே தெரியல.”

நாலாம் கட்டில்காரி இங்கே வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள். அவள் படுத்தபடியே கையைத் தூக்கினாள், என் வகுப்புப் பிள்ளைகள் தூக்குவது போல. அப்புறம் ஜன்னலோரக் கட்டில். அப்புறம் இன்னொரு கை.

அடுத்த கட்டில் வரைக்கும் போய்விட்ட சிஸ்டர் திரும்பி வந்தார். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வார்டு நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, சொல்லுங்க” என்றார். “ஒவ்வொருத்தரா.”